வழுக்களைதல்

தமிழிலக்கணம் கற்றோர்க்கு வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்றும் புதியன அல்ல. மரபோடு பொருந்தி நடப்பது வழாநிலை. பொருந்தாது பிறழ்வது வழு. பிறழ்ந்ததாயினும் யாதானுமொரு காரணம் பற்றிச் சான்றோர் ஏற்றமைத்தது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நேரும் என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருகின்றோம். அச்சொல் இப்போது வகுப்பறையைக் கடந்து சென்றிருக்கின்றது. கணினிச் செய்நிரலில் நேரும் பிழையையும் தமிழறிந்த கணினித்துறையினர் வழு என்றே வழங்குகின்றனர். முதலில் அப்பெயரைச் சூட்டியவர் யாராயினும் பொருத்தமறிந்தே சூட்டினார்.

அச்சொல்லைப் பின்தொடர்ந்து சென்றபோது கண்ட ஒரு வழக்கத்தைப் பற்றியே இவ்விழா மலரில் எழுத முற்பட்டேன். லிஸ்ப் என்னும் கணினி மொழிக்குரிய தொகுப்பான்கள் புதுப்பதிப்பாக வெளிவருந்தோறும், அவற்றோடு ஒரு நீண்ட குறிப்பும் வெளிவரும். இன்னது புதிதாய்ச் சேர்ந்தது, இன்ன வழு களையப்பட்டது, இன்னது முன்போல் நடவாது, முன்போல் நடக்க வேண்டுமாயின் இன்னது செய்க என்று அக்குறிப்பு ஒளிவின்றிக் கூறும். அயலார் தம் கருவியைத் திருத்திக்கொள்ளும் செய்தி நமக்கெதற்கு என்று பழைய மாணவர்கள் கேட்கக்கூடும். அண்மை ஆண்டுகளில் வந்த அத்தகைய குறிப்புகளில் நம் தமிழெழுத்தும் தமிழெண்ணும் பேசப்பட்டுள்ளன. அவற்றைப் பற்றிய முடிவுகள் அங்கே எடுக்கப்பட்டுள்ளன. அந்த அவையில் தமிழாசிரியருக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பதே என் கருத்து.

லிஸ்ப் என்பது இன்று நேற்றுத் தோன்றிய மொழியன்று. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜோன் மெக்கார்த்தி என்னும் அறிஞர் 1958இல் அதனைத் தொடங்கினார். அதனை விளக்கும் அவருடைய கட்டுரை 1960இல் வெளியாயிற்று. இன்றும் வழக்கிலுள்ள கணினி மொழிகளுள் மிகப் பழையவை இரண்டனுள் இஃதொன்று. தொகுப்பான் என்பது மனிதர் எழுதிய செய்நிரலைப் பொறி அறியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மற்றொரு செய்நிரல். லிஸ்பின் தொகுப்பான் லிஸ்பிலேயே எழுதப்பட்டு, 1962இல் தன்னைத் தானே மொழிபெயர்த்துக் கொண்டது. தமிழிலக்கணத்தைத் தமிழிலேயே எழுதிப் படிக்கும் நமக்கு அது வியப்பன்று. ஏனையோர்க்கு அன்று பெருவியப்பாயிருந்தது.

இம்மொழியின் தொடரமைப்பு நம் மொழியின் தொடரமைப்புக்கு நேர்மாறானது. 'இரண்டையும் மூன்றையும் கூட்டு' என்று வினையை இறுதியில் வைத்து முடிப்போம் நாம். லிஸ்பிலோ அடைப்புக்குறி திறந்தவுடன் வினை வந்து நிற்கும்: (கூட்டு 2 3). ஓர் அடைப்புக்குள் இன்னோர் அடைப்பு, அதனுள் மற்றொன்று என அடுக்கிச் செல்லலாம். பெயரெச்சத்தின் மேற் பெயரெச்சம் அடுக்கிப் பழகிய நம் மாணவர்க்கு அவ்வடுக்கு மிரட்சி தராது. வினையை முன்னே வைப்பதே சிறிது உறுத்தும். இதனினும் நமக்கு உவப்பானது ஒன்றுண்டு. லிஸ்பில் வழங்கும் கட்டளைச் சொற்களுக்குத் தமிழிற் பெயர் சூட்டிக்கொள்ளலாம். 'வரையறு' என்றோ 'கூட்டு' என்றோ ஒருமுறை அறிவித்துவிட்டால், தொகுப்பானைத் தொடாமலே அச்சொற்கள் அதற்குப் பின் செல்லுபடியாகும். தமிழுக்கெனத் தனிக் கணினி மொழியே படைத்தாரும் உளர். முத்தையா அண்ணாமலை படைத்த 'எழில்' அத்தகையது. லிஸ்ப் அவ்வாறு புது வீடு கட்டாமல், இருக்கும் வீட்டின் வாயிலிலேயே நம் பெயரைப் பொறித்துக்கொள்ள இடந்தருகின்றது.

இனி, பதிப்புக் குறிப்புகளுக்கு வருவோம். லிஸ்பை உள்ளுறுப்பாகக் கொண்டு இயங்குவது ஈமாக்ஸ் என்னும் எழுத்துத் தொகுப்பு மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் பொதுமக்களுக்கு வழங்கிய இது, இன்றுவரை விலையின்றிக் கிடைக்கின்றது. தன்னுள் ஒரு லிஸ்ப் தொகுப்பானையும் கொண்டுள்ளது. முன்னாளில் அத்தொகுப்பான் செய்நிரலைப் பொறிமொழிக்கு முற்றாக மாற்றாமல், இடைப்பட்ட ஒரு வடிவிற்கே கொண்டு சென்று நிறுத்தும். 2022 ஏப்ரலில் வெளிவந்த 28ஆம் பதிப்பில், அந்திரேயா கொரல்லோ என்பாரின் உழைப்பினால், நேரே பொறிமொழிக்கு மாற்றும் ஆற்றல் விரும்புவோர்க்குரியதாக வந்து சேர்ந்தது. 2025 பெப்ரவரியில் வந்த 30ஆம் பதிப்பில், வேண்டிய துணை நூலகம் கணினியில் இருக்குமாயின் கேளாமலே அது நடைபெறும் என்றாயிற்று. மூன்றாண்டு பலர் கையாண்டு பழகிய பின்னரே ஒன்றைப் பொதுவிதி ஆக்கினர் என்பது நோக்கத்தக்கது. வேகம் பற்றிய செய்தியாதலின் இதனை இவ்வளவில் விடுகின்றேன்.

30ஆம் பதிப்பின் தொகுப்பானிற் சேர்ந்த மற்றொன்றே என் நெஞ்சைக் கவர்ந்தது. அதனை விளக்க நம் மலைநாட்டு உவமை ஒன்று வேண்டும். டிக்கோயாத் தோட்டம் ஒன்றிலுள்ள ஒருவர், பொகவந்தலாவையிலுள்ள தம் தமையனுக்குக் கடிதம் எழுதுகின்றார் என்க. 'பெரியதுரையிடம் விடுப்புக் கேட்டிருக்கின்றேன்' என்பது ஒரு வரி. அப்பெரியதுரை யார்? கடிதம் எழுதப்பட்ட தோட்டத்துத் துரையா, வாசிக்கப்படுகின்ற தோட்டத்துத் துரையா? எழுதப்பட்ட இடத்தை நோக்கிப் பொருள் கொள்வதே உலக வழக்கு. ஆயின் ஈமாக்ஸின் லிஸ்ப் தொடக்கந்தொட்டே வாசிக்கப்படும் இடத்தை நோக்கிப் பொருள் கொண்டு வந்தது. ஒரு செய்நிரலில் வரும் பெயருக்கு, அதனை அழைத்த செய்நிரலில் அதே பெயர் எதனைக் குறித்ததோ அதுவே பொருளாகிவிடும். பொகவந்தலாவையார் தம் தோட்டத்துத் துரையிடம் சென்று 'என் தம்பிக்கு விடுப்புத் தந்தீர்களா' என்று கேட்பது போன்ற குழப்பம் இதனால் விளையும்.

இவ்வழுவை ஒரே நாளிற் களைய இயலாது. பழைய பொருள்கோளை நம்பி எழுதப்பட்ட செய்நிரல்கள் அளவிறந்தன. ஆகவே 2012இல் வந்த 24ஆம் பதிப்பில், எழுதிய இடத்தை நோக்கிப் பொருள் கொள்ளும் முறையை விருப்பத்துக்குரியதாகச் சேர்த்தனர். வேண்டுவோர் தம் கோப்பின் முதல் வரியில் அதனை அறிவித்தாற் போதும். பழைய முறையும் கைவிடப்படவில்லை. நம் இலக்கண நூலார் மொழியிற் சொன்னால், வழுவமைதியாகக் கொள்ளப்பட்டது. 13 ஆண்டுகள் கழித்து 30ஆம் பதிப்பின் தொகுப்பான், முதல் வரியில் அறிவிப்பில்லாத கோப்பைக் கண்டால் 'இதனை எந்த முறையிற் பொருள் கொள்வது என்று சொல்லவில்லையே' என எச்சரிக்கத் தொடங்கியது. எச்சரிக்கின்றதே அன்றித் தண்டிக்கின்றதில்லை. செய்நிரல் முன்போலவே ஓடும்.

இதனைப் படித்தபோது பெரட்டுக்களமே நினைவுக்கு வந்தது. ஒரு நாட்பேருக்கு இத்தனை கிலோ கொழுந்து என்னும் கணக்கும், ஈரத்துக்கும் கூடைக்கும் நிறையிற் கழிக்கும் கணக்கும் மாறுகின்றன என்றால், மாறும் நாளுக்கு முன்பே அவ்விடத்திற் சொல்லப்பட வேண்டும் என்பது தொழிலாளரின் நெடுங்காலக் கோரிக்கை. மாற்றம் நியாயமானதா என்பது ஒரு வழக்கு. சொல்லாமல் மாற்றியது வேறொரு வழக்கு. அரைப்பேர் விழுந்த பின்னர்ச் செக்ரோலைப் பார்த்துத்தான் விதி மாறியதை அறிவதென்றால், எத்துணை நல்ல விதியாயினும் மனம் ஒப்பாது. 13 ஆண்டு இடம் விட்டு, பின்னர் எச்சரித்து, அதற்குப் பின்னரே பழையதை நீக்குவதுபற்றி எண்ணும் தொகுப்பானின் பொறுமையை, மனிதரை ஆளும் விதிகளை மாற்றுவோர் சிறிது கடன் வாங்கலாகாதா?

தமிழ் பற்றிய செய்திக்கு வருகின்றேன். ஆங்கில விசைப்பலகையிலிருந்தே பிறமொழி எழுத்துகளைப் பொறிப்பதற்கு ஈமாக்ஸிற் பல உள்ளீட்டு முறைகள் உள. தமிழுக்கும் உள. அவற்றுட் சிலவற்றில் 1 என்னும் விசையை அழுத்தினால் ௧ என்றும், 2ஐ அழுத்தினால் ௨ என்றும் தமிழிலக்கம் வந்து விழும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் வந்த 28ஆம் 29ஆம் பதிப்புகளின் காலத்தில் இது மாற்றப்பட்டது. தமிழ் பேசுவோர் இக்காலத்தில் அவ்விலக்கங்களை வழங்குவதில்லை என்று காரணங் காட்டி, இனி அம்முறைகளில் பொது இலக்கங்களே வரும் என்று குறிப்பிற் கூறினர். தமிழிலக்கமே வேண்டும் என்பார்க்கு அதற்கெனத் தனி உள்ளீட்டு முறைகளை உடன் அமைத்து, அவற்றின் பெயரையும் அங்கேயே எழுதி வைத்தனர். தமிழ்நாட்டரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையும் அக்காலத்தே வந்து சேர்ந்தது.

தமிழன்பர் சிலர்க்கு இச்செய்தி சினமூட்டும். நம் எண்ணை நீக்க அவர்கள் யார் என்பர். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஈமாக்ஸின் லிஸ்ப், 12 என்பதை எண்ணாக அறியும்; ௧௨ என்பதை எண்ணாக அறியாது, ஏதோ ஒரு பெயரென்று கொள்ளும். அப்பெயருக்குப் பொருள் வழங்கப்படவில்லை என்று சொல்லி நின்றுவிடும். தமிழ் விசைமுறையிற் கணக்கெழுதப் புகுந்த மாணவன், தான் எழுதியது பன்னிரண்டுதானே என்று திகைப்பான். நம் பழைய முறையில் பன்னிரண்டு என்பது ௧௨ அன்று என்பதையும் இவ்விடத்துச் சொல்லிவிட வேண்டும். பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தமையால், பன்னிரண்டை ௰௨ என்றே முன்னோர் எழுதினர். சுழியத்துக்கு அங்கே வேலையில்லை. ஒருங்குகுறித் தொகுதியிற் கூடத் தமிழ்ச்சுழியம் 2005இலேதான் இடம்பெற்றது. ஆகவே விசைப்பலகை தந்த ௧௨, பழைய மரபுமன்று, புதிய பயனுமன்று. பொதுவழியினின்று அதனை விலக்கியது முறையே.

எனினும் 'இக்காலத்தார் வழங்குவதில்லை' என்ற காரணத்தை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். பஞ்சாங்கம் பார்ப்பவரும், ஏட்டுச்சுவடி படிப்பவரும், கல்வெட்டு ஆராய்பவரும், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய அச்சு நூலின் பக்கத்தைத் தேடுபவரும் இன்றும் அவ்விலக்கங்களோடு பழகுகின்றனர். அவர் சிலரே, ஆயினும் உளர். தனிமுறையொன்றை உடன் வைத்ததனால் அச்சிலருக்கும் இடங்கிடைத்தது. காலப்போக்கிற் சொல்வழக்கு மாறுதலைப் பவணந்தியார் வழுவெனத் தள்ளாமல் அமைத்துக்கொண்டார் அல்லவா? அவ்வமைதியோடு, பழையதற்கு மீளும் வழியையும் எழுதி வைத்தனர் இவர்கள். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய கொம்பு வடிவங்கள் மறைந்தன. சீர்திருத்தம் நன்றே. ஆயின் பழைய வடிவில் அச்சான ஒரு நூலை இன்றைய மாணவர் கையிற் கொடுத்துப் பாருங்கள். முதற் பக்கத்திலேயே தடுமாறுவர். பாடநூலில் அரைப்பக்கம் ஒதுக்கி அப்பழைய வடிவங்களைக் காட்டியிருந்தாற் போதும்.

பிழையை வெளிப்பட எழுதி வைத்தல் நமக்குப் புதிய வழக்கமுமன்று. நம் பழைய அச்சு நூல்களின் ஈற்றில் 'பிழைதிருத்தம்' என்றொரு தாள் இருக்கும். இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இது பிழை, இது திருத்தம் என மூன்று நான்கு நிரலாக அமைந்திருக்கும். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவித் தமிழ் நூல்களைப் பரிசோதித்து வெளியிட்ட காலந்தொட்டு, சுத்தப் பதிப்பு என்பது ஈழத்துப் புலவர்க்கு மானப்பிரச்சினையாய் இருந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் சிதைந்த ஏடுகளிலிருந்து மீட்டு அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியை, மேலும் ஏடுகள் கிடைத்தபின் திருத்தி 1907இல் மறுபதிப்பாக்கினார். எந்த ஏடு எவரிடமிருந்து வந்தது என்பதைத் தம் முகவுரைகளிற் குறித்து வைக்கும் வழக்கமுடையார். ஒரு வழுவை எவர் காட்டினார், எவர் களைந்தார் என்று லிஸ்ப் தொகுப்பானோர் குறித்து வைப்பதும் அதுவே. இடையில் அவ்வழக்கத்தை நழுவவிட்டவர் நாம். இன்று பாடநூல் ஒன்று மறுபதிப்பாகும்போது எங்கே எது மாறிற்று என்பதை அறிய, பழைய நூலையும் புதிய நூலையும் அருகருகே வைத்து வரிவரியாய்ப் பார்க்க வேண்டியுள்ளது. அதற்குப் பொழுதுள்ள ஆசிரியர் எத்தனைபேர்?

இதுவரை சொன்னவை வழக்கம் பற்றியன. எழுத்துப் பற்றிய ஒன்று இதனினும் நம்மவரைச் சுடுவது. 'கொ' என்பதைக் கணினியில் இருவகையாகப் பொறிக்கலாம். ககரத்தின்மேல் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுதல் ஒன்று. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக இடுதல் மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. 'கொழுந்து' என்று ஒருவகையில் எழுதி வைத்ததை மற்றொரு வகையில் எழுதித் தேடினால், அப்படியொரு சொல்லே இல்லை என்று அது சாதிக்கும். இக்குறையை லிஸ்ப் தொகுப்பான்களுள் ஒன்று எவ்வாறு தீர்க்கின்றது என்பதைக் காண்க. எஸ்.பி.சி.எல். என்பது அதன் பெயர். 1999இல் வில்லியம் நியூமன் என்பவர், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துத் தொகுப்பானிலிருந்து பிரித்துத் தொடங்கியது. கார்னகி உருக்கு வணிகர், மெலன் வங்கியாளர் ஆதலின், 'உருக்கு வங்கி' என்று பொருள்படும் சொற்களைப் பெயரிற் கோத்தனர். புலவர் சிலேடைக்கு இது குறைந்ததன்று. திங்கள்தோறும் புதுப்பதிப்பும் குறிப்பும் வெளியிடுவது இவர் வழக்கம். இத்தொகுப்பான் செய்நிரலிற் பெயர்களைப் படிக்கும்போதே, இருவகை ஒகரத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து பின்னரே ஒப்பிடும். ஒருங்குகுறி விதித்த ஒழுங்காக்கல் முறை அது.

ஆயின் அம்முறையும் ஓரெல்லையோடு நின்றுவிடும். ஔகாரக் குறியின் பின்பாதி, ளகரம் போலவே தோன்றும். ஆகவே 'கௌரி' என்பதை எகரக் கொம்பும் ககரமும் ளகரமுமாகப் பொறித்து 'கெளரி' என்று எழுதிவிடுவோர் பலர். முன்னது இரண்டெழுத்து, பின்னது கெ, ள, ரி என மூன்றெழுத்து. இரண்டன் ஓசையும் வேறு. கணினியின் ஒழுங்காக்கல் இதனைத் தொடாது. ஏனெனில் இலக்கண அறிவின்றி இவ்விரண்டும் ஒன்றென்று கூற அதற்கு உரிமையில்லை. உயிர்மெய் எது, தனி ளகரம் எது என்று பிரித்துக் காட்ட வேண்டியவர் தமிழாசிரியர். அவர் சொல்லாவிடின் எப்பதிப்பிலும் இது திருந்தாது.

ஓரெழுத்துக்கு இத்துணை ஆரவாரமா என்று மலைநாட்டார் ஒருவரும் கேளார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964இல் இரு நாட்டுத் தலைவர் செய்த உடன்படிக்கையாற் பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த குடும்பங்களின் வழிவந்தவர் நாம். பதிவேட்டிற் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது என்பது எம் முன்னோர்க்கு வாழ்வா சாவா என்னும் வினாவாய் இருந்தது. பிறப்புச் சான்றில் ஓரெழுத்து, அடையாள அட்டையில் மற்றோரெழுத்து, பாடசாலை இடாப்பில் வேறோரெழுத்து என்று அலைந்து திரிந்து சத்தியக்கடதாசி முடிக்காத குடும்பம் எந்த லயத்தில் உண்டு? அந்நாளிற் பிழை எழுதுநர் கையில் நேர்ந்தது, கண்ணாற் காணலாம். இந்நாளிற் பதிவுகள் கணினிக்குள் சென்றுவிட்டன. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் இரு பெயர்கள் உள்ளே வேறாய் நின்று, 'உம் பெயர் இங்கில்லை' என்று கூறுமாயின், அப்பிழையைச் சுட்டிக்காட்டவும் இயலாமற் போகும்.

அகரவரிசையும் அவ்வாறே. கணினி எழுத்துகளுக்கு இட்டிருக்கும் எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்துக்குப் பின்னும் நிற்கின்றன. நம் நெடுங்கணக்கோ ர, ல, வ, ழ, ள, ற, ன என முடியும். சொற்களை அவ்வெண் கொண்டே ஒப்பிட்டு அடுக்குவது லிஸ்ப் முதலிய மொழிகளின் எளிய முறை. அவ்வாறு ஒரு வகுப்பிடாப்பை அடுக்கினால், 'றஞ்சன்' என்பவன் 'லலிதா'வுக்கும் 'வள்ளி'க்கும் முன்னே வந்து நிற்பான். நம் வரிசைப்படி அவ்விருவர்க்கும் பின்னரே அவன் வரவேண்டும். மொழிக்குரிய வரிசையைக் கேட்டறிந்து அடுக்கும் கட்டளையும் ஈமாக்ஸில் உண்டு. அதனை அறிந்து வழங்குவோர் குறைவு. றகர முதலாகப் பெயரெழுதும் வழக்கம் ஈழத்திற்கே பெரிதும் உரியது. ஆதலின் இக்குறையை நாமே உணர்வோம். சென்னையிலிருப்பார்க்கு இது கண்ணிற் படாமலே போகக்கூடும்.

இவை யாவும் ஆங்கிலத்தில் நடப்பவை, ஆங்கிலம் கற்றுவிட்டாற் போதாதா என்பாருளர். ஆங்கிலம் வேண்டும், எம் மாணவர் அதனிற் பின்னிற்பது கண்டு வருந்துவோருள் நானும் ஒருவன். ஆயின் இங்கே வேண்டப்படும் அறிவு ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. ளகரத்தையும் ஔகாரக் குறியையும் பிரித்தறிதலும், ௰௨ எழுதிய மரபை அறிதலும், நெடுங்கணக்கின் முடிவை அறிதலும் தமிழறிவு. ஒன்றை அறிந்தவர் மற்றொன்றை அறியாமையால் இவ்வழுக்கள் களையப்படாமற் கிடக்கின்றன. இருவரும் ஒரு மேசைக்கு வந்தாற் போதும்.

வருவதற்குத் தடையுமில்லை. ஈமாக்ஸோ எஸ்.பி.சி.எல்.லோ, வழுவைக் கண்டவர் எவராயினும் எழுதி அனுப்பலாம். பட்டம் கேளார், பதவி கேளார். ஈமாக்ஸுக்கு வரும் ஒவ்வொரு முறையீட்டுக்கும் எண்ணிடப்படும். அதன்மேல் நடந்த உரையாடல் முழுதும் எவரும் படிக்கும்படி கிடக்கும். அவர்கள் வேண்டுவது ஒழுங்கு ஒன்றே. எந்தப் பதிப்பில், எதனைச் செய்தபோது, எது நடக்குமென எதிர்பார்த்தோம், எது நடந்தது என்னும் நான்கையும் தெளிவுறச் சொல்ல வேண்டும். 'தமிழ் சரியாக வரவில்லை' என்று எழுதினால் எவராலும் ஒன்றும் செய்ய இயலாது. 'கட்டுரை நன்றாயில்லை' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியனால் மாணவன் எவ்வளவு பயன் பெறுவானோ, அவ்வளவே அதனாலும் பயன்.

கல்லூரியின் விழாவாண்டில் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மண்டபமும் நினைவுக்கல்லும் எழுப்புவோர் எழுப்புக. அவற்றோடு ஒரு குறிப்பேடும் திறக்க வேண்டும். கணினித்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர் இருவர், தமிழாசிரியர் ஒருவர், உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் போதும். கணினியில் தமிழ் எழுதும்போது காணும் வழு ஒவ்வொன்றையும் மேற்சொன்ன நான்கு தலைப்பின்கீழ் மாணவர் எழுதுக. இலக்கணப்படி அது வழுவோ வழுவமைதியோ என்பதை ஆசிரியர் ஆராய்ந்து கைச்சாத்திடுக. உரிய இடத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பும் பணியைப் பழைய மாணவர் ஏற்க. திருத்தம் வந்த பதிப்பின் எண்ணையும் ஆண்டையும் அதே ஏட்டில் எதிர்ப்பக்கத்திற் பதிந்து வைக்கலாம். செலவு ஒரு கொப்பியும் சில மாலைப் பொழுதுகளுமே. முதற்பக்கத்துக்கு வேண்டியது ஆயத்தமாக உள்ளது. கௌரியின் ளகரம் ஒன்று. றஞ்சனின் இடம் மற்றொன்று. மாணவர் இவ்விரண்டையும் தம் வகுப்பிடாப்பிலேயே பரிசோதித்துப் பார்த்துத் தொடங்கலாம்.